கரேரி ஏரிக்குச் சொந்த மூட்டையோடு: கோடை விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் இமயமலைப் பக்கம் போகலாம் என்று கிளம்பும் நம்ம ஊர் ஆட்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, மணாலிக்குப் போய்க் காரிலேயே சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். இல்லையென்றால் யாரோ எடுத்த நீல ஏரி வீடியோவைப் பார்த்து மயங்கி, முதல் ட்ரெக்கிங்கே 4,000 மீட்டருக்கு மேலே என்று பணம் கட்டிவிட்டு, இரண்டாம் நாள் தலைவலியும் வாந்தியுமாகக் கூடாரத்துக்குள் படுத்துக்கிடக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நல்ல இடங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான் கரேரி ஏரி.

இமாச்சலப் பிரதேசத்தில் காங்ரா மாவட்டம், தர்மசாலாவுக்கு வடமேற்கே, தௌலாதார் மலைத்தொடரின் தெற்குச் சரிவில் இருக்கிறது. உயரம் 2,934 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று நினைத்துக்கொண்டால் கணக்கு புரியும்: ஊட்டிக்குப் போய் மூச்சு முட்டாதவருக்கு இந்த உயரமும் பெரும்பாலும் பிரச்சினை தராது. ஆனால் நடை உண்மையான மலை நடை. தோளில் மூட்டை, பக்கத்திலேயே இரைச்சலோடு இறங்கும் ஓடை, மேலே பனி. பக்கத்திலேயே இருக்கும் ட்ரியுண்ட் என்ற மலைமேட்டுக்குப் போகிற கூட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே ஆள் குறைவு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏரி சின்னது. லடாக் பாங்காங் மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் நீலம் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தௌலாதார் பனி உருகி வந்து தேங்கும் நன்னீர், ஆழமும் அதிகமில்லை, கோடை ஏற ஏற நீர்மட்டமும் மாறும். அப்படியென்றால் எதற்குப் போவது? உங்கள் வீடு, சமையலறை, படுக்கை மூன்றையும் முதுகில் தூக்கிக்கொண்டு போய், ஒரு மலை ஏரிக்கரையில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருக்கப் பழக. அதனால்தான் இந்த வழிகாட்டி முழுக்க ஏரியைவிட மூட்டையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். மூட்டை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும், அது தப்பாகப் போனால் எவ்வளவு அழகான இடமும் கண்ணில் படாது.

எப்போது போவது

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இருபது வாக்கில் வரை. அதற்கு முன்னால் போனால் மேல் பகுதியில் பனி கிடக்கும், குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும். ஜூன் கடைசி வாரம் வந்தால் பருவமழை இமாச்சலுக்குள் நுழைந்துவிடும். தர்மசாலா இந்தியாவிலேயே அதிகம் மழை கொட்டும் மலையூர்களில் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில், ஏரிக்குப் போகும் பாதையை ஒட்டி ஓடும் நியூண்ட் ஓடை எந்த நேரத்தில் எப்படிப் பொங்கும் என்று உள்ளூர்க்காரர்களாலேயே சொல்ல முடியாது. 2021 ஜூலையில் தர்மசாலா பக்கத்தில் பாக்சுவில் திடீர் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதே மலைத்தொடர், அதே மழைதான் கரேரியிலும். மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள், இதில் பேரம் இல்லை. மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் உண்மையில் மே மாதத்தைவிட நல்ல காலம், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் குழந்தைகளின் நீண்ட பள்ளி விடுமுறை அப்போது வராது, என்ன செய்ய.

மே, ஜூனிலும் மதியத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் வருவது இங்கே சாதாரணம். காலையில் ஒரு பொட்டு மேகம் இருக்காது, இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும். அதனால் எல்லா நாளும் காலை ஆறரை ஏழுக்குள் கிளம்பி, மதியத்துக்குள் போய்ச் சேர்கிற மாதிரிதான் திட்டம் போட வேண்டும்.

வார நாட்களில் போங்கள். சனி ஞாயிறு டெல்லியிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் கூட்டம் வரும், ப்ளூடூத் ஸ்பீக்கரோடு வரும்.

உடம்பைத் தயார் செய்தல்

ஜிம்மில் ட்ரெட்மில் ஓடுவது கெட்டதில்லை, ஆனால் மலை ஏறுவதற்குப் படிக்கட்டுதான் மருந்து. கிளம்புவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு, அப்புறம் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு ஐந்து கிலோ, எட்டு கிலோ என்று கூட்டிக்கொண்டே போங்கள். அபார்ட்மென்ட் மாடிப்படி போதும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. தண்ணீரை எடையாக வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது: மேலே ஏறிய பிறகு கொட்டிவிட்டு இறங்கலாம், முழங்கால் தப்பிக்கும். கடைசி இரண்டு வாரம் மட்டும் எடையோடு இறங்கியும் பழகுங்கள், ஏனென்றால் ஏற்றத்தில் வலிப்பது மூச்சு, இறக்கத்தில்தான் முழங்காலும் கால் விரலும் போகும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலையில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வெள்ளியங்கிரி இருக்கிறது, அந்த ஏழு மலையை நிதானமாக ஏறி இறங்கியவருக்கு கரேரி ஒன்றுமே இல்லை. வட மாவட்டத்தில் பர்வதமலை, நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் ஆகாய கங்கைப் படிகள், தெற்கே சதுரகிரி. வனத்துறை 2024 முதல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று ஆன்லைனில் பதிவு செய்து நடத்தும் பாதைகளிலும் நல்ல ஏற்றங்கள் உண்டு. ஒத்திகைக்கு அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பையைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். புது ஷூவை நேராக மலைக்குக் கொண்டுபோவதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. ஷூ வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு எடுங்கள். இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகாமல் இருக்க அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

மூட்டை

மொத்த எடை, தண்ணீர் சாப்பாடு எல்லாம் சேர்த்து, உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 65 கிலோ ஆள் என்றால் 13 கிலோ. முதல் தடவைக்குப் பத்துப் பன்னிரண்டிலேயே நிறுத்துவது நல்லது. 50 முதல் 60 லிட்டர் பை போதும். 70 லிட்டர் பை வாங்கினால் அதை நிரப்பாமல் உங்களால் இருக்க முடியாது, அது மனுஷ குணம்.

பை வாங்கும்போது விலையைவிட இடுப்புப் பட்டையைப் பாருங்கள். எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்கார வேண்டும், தோளில் மாட்டும் பட்டை, பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். மாட்டும் முறையும் இருக்கிறது: முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள். பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரவைத்து இறுக்குங்கள். அப்புறம் தோள்பட்டைகள், அதற்குப் பிறகு தோளுக்கு மேலே இருக்கும் சின்னப் பட்டைகளைக் கொஞ்சம் இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். கடைசியாக மார்புப் பட்டை, மூச்சு முட்டாத அளவுக்கு. பாதி நாள் கழித்துத் தோள் வலித்தால் பெரும்பாலும் இடுப்புப் பட்டை நழுவியிருக்கும், இந்த வரிசையை முதலிலிருந்து மறுபடி செய்தால் சரியாகிவிடும்.

அடுக்குவது இப்படி. பைக்குள் முதலில் ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் உறையை விரித்துக்கொள்ளுங்கள். வெளியே போடும் மழை உறை காற்றில் பறக்கும், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும், உள்ளே இருக்கும் உறைதான் நம்பிக்கையானது. அடியில் ஸ்லீப்பிங் பேக், அதற்கு மேல் ராத்திரி மட்டும் போடும் உடைகள். கனமான சாப்பாட்டுப் பொருள், ஸ்டவ், பாத்திரம் எல்லாம் நடுவில், முதுகை ஒட்டி. அதைச் சுற்றிக் கூடாரத் துணி. மழைச் சட்டை, கம்பளித் தொப்பி, தின்பண்டம், மருந்து இவை மேலே, பையைக் குடையாமல் கைக்கு வர வேண்டும். கூடாரத்தை ஒரே ஆள் தூக்க வேண்டியதில்லை, கம்பிகள் ஒருவர், துணி ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கறார். தூங்குவதற்கு: இரண்டு அடுக்குத் துணி உள்ள கூடாரம், பூஜ்ஜியம் டிகிரி வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக், மேட். மேட்டை விட்டுவிட்டு ஸ்லீப்பிங் பேக் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் உறிஞ்சும், நம் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் அங்கே காப்பே இருக்காது. மே கடைசியிலும் ஏரிக்கரையில் விடியற்காலை பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகலாம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே காங்ராவில் வியர்த்தது மேலே பொருந்தாது.

உடை: நடப்பதற்கு சீக்கிரம் காயும் இரண்டு டீ ஷர்ட், ஒரு பேன்ட். ராத்திரிக்கு ஒரு முழு செட், அதைப் பகலில் தொடவே கூடாது, என்ன நனைந்தாலும் அது காய்ந்தே இருக்க வேண்டும். ஒரு ஃப்ளீஸ், ஒரு தடித்த ஜாக்கெட், மழைச் சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, வெயில் தொப்பி. சாக்ஸ் மூன்று ஜோடி. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஒரு கிலோ கூடும், காய நாளாகும். பருத்தியும் மலைக்கு ஆகாது, வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பைக் குளிரவைக்கும்.

மற்றவை: ஹெட்லேம்ப், பவர் பேங்க், விசில், தீப்பெட்டி இரண்டு இடத்தில், இரண்டு லிட்டர் தண்ணீருக்கான பாட்டில்கள், குளோரின் மாத்திரை, ஒரு சின்ன மண்வெட்டி, குப்பைக்குத் தனிப் பை, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி. மருந்தில் பாராசிட்டமால், ஓஆர்எஸ், வயிற்றுப்போக்கு மாத்திரை, ஒட்டும் டேப், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள். மாதவிலக்கு நாள் இல்லையென்றாலும் பெண்கள் அதற்கானதை எடுத்துக்கொள்ளுங்கள், பயணக் களைப்பில் தேதி மாறுவது சகஜம். பயன்படுத்திய நாப்கினைப் போட்டுக் கொண்டுவர ஒரு ஜிப் கவர். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் இறக்கத்தில் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் தர்மசாலாவுக்கு மேலே இருக்கும் மெக்லியோட்கஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது கடையிலேயே கூடாரத்தை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், கம்பி உடைந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா என்று. ஷூ, பை, சாக்ஸ் இந்த மூன்றும் சொந்தமாக இருக்கட்டும்.

சாப்பாடு

இங்கேதான் நமக்கு ஒரு அனுகூலம். வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து உலர்த்திய உணவுப் பொட்டலம் வாங்குவார்கள், நம் வீட்டு அலமாரியிலேயே பாதி இருக்கிறது.

முதலில் ஒரு அறிவியல். 2,900 மீட்டரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால் அரிசி வேக நேரமாகும், துவரம்பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். குக்கர் தூக்கிக்கொண்டு போவதும் முட்டாள்தனம். ஆக, வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் போதும் என்கிற பண்டங்களை மட்டும் எடுங்கள். கெட்டி அவல்தான் இதில் ராஜா. கடுகு, உளுந்து, மிளகாய், வேர்க்கடலை, பெருங்காயம் எல்லாம் வீட்டிலேயே எண்ணெயில் தாளித்து ஆறவைத்து அவலோடு கலந்து, ஆளுக்கு ஒரு வேளை என்று பொட்டலம் கட்டிவிடுங்கள். மேலே போய் வெந்நீர், ஐந்து நிமிடம், உப்புமா தயார். வறுத்த சேமியா, வறுத்த ரவை இரண்டும் இதே மாதிரிதான், கொஞ்சம் கொதிக்கவிட வேண்டும். புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா இருந்தால் அவலையே புளியவலாக மாற்றிக்கொள்ளலாம். காலையில் சத்துமாவுக் கஞ்சி. நடக்கும்போது கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, பேரீச்சம்பழம், வறுத்த முந்திரி. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் எதோடும் சேரும். ஊறுகாயைப் பாட்டிலில் எடுக்காதீர்கள், எண்ணெய் கசிந்தால் ஸ்லீப்பிங் பேக் முழுக்க மாவடு மணக்கும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர்ந்த பண்டம் என்று கணக்குப் போடுங்கள். சீசனில் வழியிலும் ஏரிப் பக்கமும் தாபாக்கள் இருக்கும், மேகி, டீ, ராஜ்மா சாதம் கிடைக்கும். நான் எப்போதும் முழுச் சாப்பாட்டையும் தூக்கிப்போவேன், ஆனால் அந்தக் கடைகளில் ஒரு வேளையாவது சாப்பிடுவேன். அவர்கள் அந்த மலைக்கு அரிசி மூட்டையைத் தூக்கிவந்து நடத்துகிற பிழைப்பு அது.

கேஸ் கேனிஸ்டரை ஊரிலிருந்து எடுத்துப்போக முடியாது. விமானத்தில் எந்தப் பையிலும் தடை, ரயிலிலும் தடை. தர்மசாலா, மெக்லியோட்கஞ்சில் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் ஸ்டவ்வின் மரைக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று: பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், லைட்டரும் தீப்பெட்டியும் எதிலும் கூடாது, ஊன்றுகோலை செக்-இன் பையில் போடுங்கள்.

போய்ச் சேருவது

ரயில்தான் என் விருப்பம். சென்னை சென்ட்ரலிலிருந்து கத்ரா போகும் அந்தமான் எக்ஸ்பிரஸும், கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒரு முறை கிளம்பும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் பதான்கோட் கன்டோன்மென்ட் வழியாகப் போகின்றன. இரண்டு நாளுக்கு மேல் ஆகும், தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறத்தாழ மூன்று நாள். வழியில் விஜயவாடா வெயிலில் வெந்து, நாக்பூரில் ஆரஞ்சு சாப்பிட்டு, பஞ்சாபில் கோதுமை அறுத்த வயலைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, கோடையில் முதல் நாளே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். பதான்கோட்டிலிருந்து தர்மசாலா 85 கி.மீ. சொச்சம், பஸ் கிடைக்கும். அவசரக்காரர்கள் டெல்லிக்குப் பறந்து, காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் இரவுப் பஸ் பிடித்தால் காலையில் தர்மசாலா.

வந்தவுடன் மலைக்கு ஓட வேண்டாம். ஒரு ராத்திரி மெக்லியோட்கஞ்சில் தங்குங்கள், அது சுமார் 2,080 மீட்டர், கொடைக்கானல் உயரம். உடம்பு பழகிக்கொள்ளும், சாமானும் வாங்கிக்கொள்ளலாம். இங்கே இன்னொரு வேலை இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் வானிலையைப் பார்த்து மலைப்பாதைகளை அவ்வப்போது மூடும். பாதை திறந்திருக்கிறதா, பெயர் பதிவு செய்ய வேண்டுமா என்பதைப் போலீஸ் நிலையத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை நகல் இரண்டு கையில் இருக்கட்டும். ஊரில் ஒருவருக்குத் திட்டத்தை எழுதி அனுப்புங்கள்: எந்த நாள் ஏறுகிறோம், எந்த நாள் மாலை கூப்பிடுவோம், கூப்பிடவில்லையென்றால் அவசர உதவி எண் 112-க்குச் சொல்ல வேண்டியது எந்த நேரத்துக்குப் பிறகு. மேலே போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை முன்பே இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும் நாள்

தர்மசாலாவிலிருந்து கேரா வழியாகக் கரேரி கிராமத்துக்கு டாக்சி போகும். முதல் நாள் மதியமே போய்க் கிராமத்தில் தங்கி, அடுத்த நாள் விடியலில் நடக்க ஆரம்பிப்பது என் யோசனை. கிராமத்திலிருந்து ஏரி சுமார் 13 கி.மீ., ஆயிரம் மீட்டர் சொச்சம் ஏற்றம். மூட்டையோடு ஆறு முதல் எட்டு மணி நேரம். ஒரே நாளில் முடியாது என்று தோன்றினால் வழியில் ரியோட்டி என்ற இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம், அதில் ஒரு கேவலமும் இல்லை.

பாதை பெரும்பாலும் நியூண்ட் ஓடையை ஒட்டியே போகிறது. சின்னச் சின்னப் பாலங்களில் அதைக் கடந்து கடந்து ஏற வேண்டும். தேவதாரு, ஓக் மரங்களின் நிழல், ஆரம்பத்தில் நிதானமான ஏற்றம், கடைசிப் பகுதி செங்குத்து. வேகம் எப்படி வைப்பது என்றால், பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். ஓடி ஓடி நிற்பதைவிட, ஆமை நடையில் ஒரு மணி நேரம் நடந்து ஐந்து நிமிடம் நிற்பது உடம்புக்கு நல்லது. நின்றவுடன் ஜாக்கெட் போடுங்கள், கிளம்பும்போது கழற்றுங்கள். சோம்பல்பட்டு ஜாக்கெட்டோடு நடந்தால் உள்ளே வியர்த்து நனையும்.

காலில் எங்காவது சூடாக உரசுகிற மாதிரி இருந்தால் அந்த நொடியே நின்று ஷூவைக் கழற்றி டேப் ஒட்டுங்கள். அடுத்த திருப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கொப்புளமாகிவிடும், அப்புறம் மீதி நாள் முழுக்க அதுதான் பேச்சு.

மேலே பள்ளங்களில் ஓடைக்கு மேல் பழைய பனி பாலம் போட்ட மாதிரி கிடந்தால் அதன் மேல் நடந்து போட்டோ எடுக்காதீர்கள். கீழே தண்ணீர் அரித்து உள்ளே கூடாகியிருக்கும். உள்ளூர்க்காரர் கால் வைத்த தடம் இருக்கும் இடத்தில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக.

அப்புறம் ஆட்டு மந்தைகள். கத்தீ என்ற இனத்து இடையர்கள் கோடையில் இந்தப் பக்கமாகத்தான் மந்தையை மேலே ஓட்டிப் போவார்கள், ஏரிக்கு மேலே இருக்கும் மின்கியானி கணவாயைத் தாண்டினால் சம்பா மாவட்டம். மந்தை வந்தால் பாதையில் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நின்றால் ஆடுகள் தள்ளிவிடும். அவர்களுடைய நாய்கள் பெரியவை, சிறுத்தை கடித்தாலும் தாங்க இரும்பு முள் பட்டை கட்டியிருக்கும், செல்லம் கொஞ்சுகிற நாய் இல்லை. இடையர் குரல் கொடுக்கும்வரை கிட்டே போகாதீர்கள். இந்தி அரைகுறையாக இருந்தாலும் ஒரு வணக்கம் சொல்லி வானம் எப்படி என்று கேளுங்கள். எந்த ஆப்பைவிடவும் அந்த ஆள் சொல்வது சரியாக இருக்கும்.

ஏரிக்கரையில்

பெரும்பாலோர் மாலை ஏறி, காலை இறங்கிவிடுகிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அப்படிச் செய்வது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். இரண்டு இரவு தங்குங்கள். முதல் மாலை களைப்பில் கூடாரம் போட்டுச் சாப்பிட்டுப் படுக்கத்தான் சரியாக இருக்கும். காற்று எழும்பும் முன் அதிகாலையில் ஏரித் தண்ணீர் அசையாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும், அன்றைக்கே மூட்டை கட்டும் பரபரப்பு இருந்தால் எப்படிப் பார்ப்பது?

கூடாரத்தைக் கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போடுங்கள். குழிவான இடத்தில் போட்டால் மழைத்தண்ணீர் சேரும், குளிர்ந்த காற்றும் அங்கேதான் இறங்கித் தங்கும். தனியாக நிற்கும் உயரமான மரத்தடியும் வேண்டாம், இடி இருக்கிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் திறந்த மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுங்கள். கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைக்காதீர்கள், குளிர் எவ்வளவு அடித்தாலும். தீப்பிடிப்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொல்லும்.

ஏரிக்கு மேலே சின்னக் குன்றில் சிவன் கோயில் இருக்கிறது. உள்ளூர் மக்களுக்கு ஏரியும் புனிதம்தான், சோப்புப் போடுவது, பாத்திரம் கழுவுவது, குதித்துக் குளிப்பது எல்லாம் வேண்டாம். பனி உருகிய தண்ணீரில் திடீரென்று குதித்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அதே கதிதான். குடிக்கிற தண்ணீரை ஏரிக்குள் விழும் ஓடையில் மேல்பக்கம் பிடியுங்கள். ஆடுமாடு மேயும் இடம், தெளிவாகத் தெரிகிறதே என்று அப்படியே குடிக்காதீர்கள். இந்த உயரத்தில் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும், மாத்திரை போட்டால் அரை மணி நேரம்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன். தண்ணீர், பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடுங்கள். நம்மவர்கள் தண்ணீர் எடுத்துப்போவதால் காகிதக் குப்பை மிச்சம், அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துப் போங்கள், ஓடைக்குள் இறங்க வேண்டாம். ஈரத்துடைப்பான் பயன்படுத்துபவர்கள் அதைக் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அது மக்காது.

சாப்பாட்டுப் பையை ராத்திரி வெளியே விட்டுவைக்காதீர்கள். தௌலாதார் காடுகளில் கறுங்கரடி உண்டு, நாய்களோ எல்லா இடத்திலும் உண்டு. பக்கத்தில் தாபா இருந்தால் அங்கே கேட்டு வைப்பது நல்லது.

மறுநாள் பையைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, தண்ணீர், மழைச் சட்டை, கடலை மிட்டாய் மட்டும் எடுத்துக்கொண்டு மின்கியானி பக்கம் ஒன்றிரண்டு மணி நேரம் ஏறிப் பாருங்கள். கணவாய் 4,200 மீட்டருக்கு மேல், அதுவரை போகும் திட்டம் இதில் இல்லை. பனி ஆரம்பிக்கும் இடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தால் ஏரி ஒரு துண்டாகத் தெரியும். பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

யாருக்காவது தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அதை மலை நோயென்றே வைத்துக்கொள்ளுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம், உடல் வலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேசான தலைவலி என்றால் தண்ணீர், ஓய்வு, பாராசிட்டமால், மேலே ஏறக் கூடாது. அதிகமானாலோ நடை தடுமாறினாலோ இறங்குவதுதான் வைத்தியம், சில நூறு மீட்டர் இறங்கினாலே வித்தியாசம் தெரியும். தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போக வேண்டும்.

இறங்கி வந்த பிறகு

இறங்கும் நாள் ஷூ லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், பாதம் முன்னால் சறுக்காது. ஊன்றுகோலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள். நாலைந்து மணி நேரத்தில் கிராமம் வந்துவிடும், டாக்சியை முன்பே பேசிவைத்திருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கு போன் செய்து இறங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள், நீங்கள் மறந்தால் அங்கே ஒருவர் 112-ஐக் கூப்பிடத் தயாராக இருப்பார். குப்பைப் பையைக் கிராமத்தில் தள்ளிவிடாமல் தர்மசாலா வரை கொண்டுவாருங்கள். மிச்சமிருக்கும் கேஸைத் தாபாக்காரரிடமோ ஏறப்போகிறவரிடமோ கொடுத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொந்தக் கூடாரமாக இருந்தால் அன்றைக்கே மாடியில் விரித்துக் காயப்போடுங்கள். நம் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரத்தோடு சுருட்டிவைத்த கூடாரம் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறைக்குள் அமுக்கிவைக்காமல், ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். அமுங்கியே கிடந்தால் பஞ்சு எழும்பாது, அடுத்த வருடம் குளிரும்.